ஒரு பழைய .244 ரெமிங்டனுக்கு 100 கிரெய்ன் குண்டு செட் ஆன கதை

போன ஜனவரி, பென்சில்வேனியா. வெளிய மைனஸ் 7 டிகிரி செல்சியஸ், துப்பாக்கி சுடுற ரேஞ்ச்ல நானும் கூட வேலை பாக்குற நண்பனும் மட்டும்தான். அவன் தாத்தாவோட பழைய ரைஃபிள்ல, 100 யார்டுல மாட்டியிருந்த பேப்பர்ல அஞ்சு ரவுண்டு சுட்டான், போய் பாத்தா மூணு ஓட்டைதான் இருக்கு, ரெண்டு பேப்பர்லயே படல. இருந்த மூணுல ஒண்ணு வட்டமா இல்ல. சாவி ஓட்டை மாதிரி நீளமா, ஒரு பக்கம் கூரா ஒரு பக்கம் தட்டையா, குண்ட படுக்க வச்சு சுத்தி பென்சில்ல கோடு போட்ட மாதிரி அப்படியே அச்சு விழுந்திருந்துச்சு. ஓரத்துல சாம்பல் கலர்ல ஒரு தேய்ப்பு வேற. அந்த பேப்பர நான் இன்னும் ஒர்க் பெஞ்ச் மேல ஒட்டி வச்சிருக்கேன்.

குண்டு மூக்கால குத்தாம பக்கவாட்டுல போய் அடிச்சிருக்கு. இதுக்கு கீஹோல்னு பேரு. மான் மேல இப்படி ஒரு குண்டு பட்டா எங்க போகும், எவ்வளவு ஆழம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது, காயத்தோட ஓடிப்போய் எங்கயோ கிடந்து சாகும், அதனால இத சரி பண்ணாம இந்த துப்பாக்கிய காட்டுக்குள்ள எடுத்துட்டு போகக்கூடாதுன்னு அன்னைக்கே ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம்.

துப்பாக்கி நண்பனோட தாத்தா 1956-ல வாங்கினது, .244 ரெமிங்டன் கேலிபர், போல்ட் ஆக்‌ஷன். தாத்தாகிட்ட இருந்து அப்பாவுக்கு வந்து இப்ப இவன் கைக்கு வந்திருக்கு. தோட்டா (கேஸ், வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது) அவன் அப்பா வீட்லயே கட்டினது, 100 கிரெய்ன் (குண்டு, மருந்து எடைய சொல்ற சின்ன அளவு) கூர்மூக்கு போட்-டெயில் குண்டு, அதாவது பின்பக்கம் படகு மாதிரி குறுகி இருக்கும். அந்த அப்பாகிட்ட, எங்க பெரியவர்கிட்ட, விஷயத்த சொன்னப்ப அவரு நம்பவே இல்ல. "தம்பி, இதே லோடுல நான் கொலராடோல மியூல் டீர் மான் அடிச்சிருக்கேன். ஒரு குண்டு கூட தப்பல. நீங்க எதையோ கழட்டி மாட்டியிருப்பீங்க"ன்னாரு. பெரியவர் பொய் சொல்ற ஆள் இல்ல. எங்க கையில இருக்கிற பேப்பரும் பொய் சொல்லல. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையா இருக்கும்னு கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

முதல்ல எல்லாரும் சந்தேகப்படுற இடத்துலதான் நாங்களும் தேடினோம். ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூ லூசா, ஸ்டாக்ல பேரல் உக்கார்ற இடம் தேஞ்சிருக்கா, பேரல் வாய் அடிபட்டிருக்கா, உள்ள குண்டோட செம்பு படிஞ்சிருக்கான்னு ஒவ்வொண்ணா பாத்தோம். செம்பு நிறையவே இருந்துச்சு, மூணு நாள் சால்வென்ட் போட்டு துணி நீலமா வராத வரைக்கும் தேச்சோம். திரும்ப சுட்டா அதே கதை. இந்த நேரத்துல ரேஞ்ச்ல ஒருத்தர் "வெடிமருந்த ஒரு கிரெய்ன் ஏத்தி பாருங்க, வேகம் கூடினா நேரா போகும்"னு சொன்னாரு. இந்த யோசனைய தயவு செஞ்சு யாரும் கேக்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

உண்மையான க்ளூ கெடச்சது ஒரு க்ளீனிங் ராட்ல. ராட் நுனியில டைட்டா துணி சுத்தி பேரலுக்குள்ள விட்டா, உள்ள இருக்கிற புரிய (குண்ட சுத்த வைக்கிற திருகு வரி) பிடிச்சுக்கிட்டு ராடும் சேர்ந்து சுத்தும் (கைப்பிடியில பேரிங் இருக்கிற ராடா இருக்கணும், இல்லாட்டி சுத்தாம வழுக்கும்). ராட் மேல பக்கத்துல சின்னதா ஒரு டேப் ஒட்டி, டேப் நேர் மேல பாக்குற இடத்துல ராட்ல மார்க்கர்ல ஒரு கோடு, மெதுவா தள்ளி டேப் ஒரு முழு சுத்து சுத்தி திரும்ப மேல வந்ததும் இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல அளந்தா 12 இன்ச். மூணு தடவ பண்ணோம், மூணு தடவயும் 12-ஐ ஒட்டியே வந்துச்சு. அதாவது குண்டு 12 இன்ச் போனாத்தான் ஒரு சுத்து, இதத்தான் 1:12 ட்விஸ்ட்னு சொல்றது. 6 மில்லிமீட்டர் ரைஃபிள்ல (.243, .244 எல்லாம் இந்த அளவுதான்) 100 கிரெய்ன் போட்-டெயில் சுடுறவங்க வழக்கமா 1:10 அல்லது அத விட வேகமான 1:9 மாதிரி ட்விஸ்ட் வச்சிருப்பாங்க. அங்கதான் மண்டையில பல்பு எரிஞ்சுது.

இது ஏன் முக்கியம்னு புரிய பம்பரம் விட்ட ஞாபகம் போதும். சாட்டைய இறுக்கி சுத்தி நல்லா இழுத்து விட்டா பம்பரம் ஆடாம ஒரே இடத்துல நிக்கும், பம்பரம் தூங்குதுன்னு சொல்லுவோம். சுத்து குறையுறப்ப தலையாட்ட ஆரம்பிக்கும், அப்புறம் சாஞ்சிடும். குட்டையான பம்பரத்துக்கு கொஞ்சம் சுத்து போதும், ஒல்லியா ஒசரமா இருக்கிறதுக்கு ரொம்ப வேகமான சுத்து வேணும். குண்டும் அதே தான், அதோட மூக்க காத்து தள்ளி கவுக்கப் பாக்குது, சுத்து அத நிமித்தி பிடிக்குது. குண்டு நீளமாக நீளமாக காத்துக்கு பிடி அதிகம். ஒரே கேலிபர்ல எடை கூடினா வழக்கமா நீளமும் கூடும், அதனால எல்லாரும் "ஹெவி குண்டுக்கு வேகமான ட்விஸ்ட் வேணும்"னு சுருக்கமா சொல்லி பழகிட்டாங்க, ஆனா உண்மையில கணக்குல பெருசா நிக்கிறது நீளம். 1879-ல இங்கிலாந்துல வுல்விச் பீரங்கிப் பள்ளி கணக்கு பேராசிரியர் க்ரீன்ஹில் ஒரு ஃபார்முலா குடுத்தாரு: 150-ஐ குண்டோட விட்டத்தின் வர்க்கத்தால பெருக்கி நீளத்தால வகுத்தா தேவையான ட்விஸ்ட் கிடைக்கும். அதுல எடைங்கிற சொல்லே கிடையாது.

.244-ஓட வரலாறே இந்த ஒரு விஷயத்துலதான் நிக்குது. 1955-ல ரெண்டு கம்பெனி ஒரே வருஷத்துல 6 மில்லிமீட்டர் தோட்டா கொண்டு வந்தாங்க. வின்செஸ்டர் .308 கேஸோட கழுத்த குறுக்கி .243 பண்ணாங்க, 1:10 ட்விஸ்ட் வச்சு 80 கிரெய்ன், 100 கிரெய்ன் ரெண்டும் வித்தாங்க. ரெமிங்டன் .257 ராபர்ட்ஸ் கேஸ எடுத்தாங்க, அது பழைய 7x57 மவுசர் வழி வந்தது, அதனால உள்ள மருந்து இடம் .243-ஐ விட கொஞ்சம் அதிகம். அதுக்கு அடிப்படை போட்டவரு ஃப்ரெட் ஹண்டிங்டன், கலிஃபோர்னியா ஓரோவில்ல தோட்டா கட்டுற கருவி செய்யிற ஆர்சிபிஎஸ் கம்பெனி ஆரம்பிச்சவரு. ரீலோடிங், அதாவது வீட்லயே தோட்டா கட்டுறது, பண்ற எல்லாருக்கும் அந்த பச்சை கலர் ப்ரெஸ் தெரியும், எங்க பெரியவர் கராஜ்லயும் அதுதான் நிக்குது. ஆனா 6 மில்லிமீட்டர்னா வயல்வெளியில எலி, மார்மட் மாதிரி சின்ன பிராணி அடிக்கத்தான் வாங்குவாங்கன்னு ரெமிங்டன் கணக்கு போட்டு 1:12 ட்விஸ்ட் வச்சாங்க, ஃபேக்டரி லோடு 75, 90 கிரெய்னோட நிறுத்திட்டாங்க. ஜனங்க ஒரே துப்பாக்கியில மானும் அடிக்கணும்னு நெனச்சாங்க, 100 கிரெய்ன் இருக்கிற .243 பக்கம் போயிட்டாங்க. 1958 வாக்குல ரெமிங்டன் ட்விஸ்ட்ட 1:9 ஆக்கினாங்க, 1963-ல பேரையும் 6எம்எம் ரெமிங்டன்னு மாத்தி புதுசா விட்டாங்க, ஆனா அந்த ஓட்டத்துல .243-ஐ பிடிக்கவே முடியல. கேஸ் அளவுல .244-க்கும் 6எம்எம் ரெமிங்டனுக்கும் வித்தியாசம் இல்ல, தோட்டா ரெண்டுலயும் உள்ள போகும். அதனாலதான் 1955-58 துப்பாக்கி வச்சிருக்கிறவங்க டப்பா மேல இருக்கிற பேர மட்டும் நம்பாம ராட் விட்டு அளந்து பாக்கணும்.

சரி, துப்பாக்கி மேல தப்பில்ல, அது எதுக்கு செஞ்சாங்களோ அத ஒழுங்கா செய்யுது. ஆனா பெரியவரோட கொலராடோ மான்? அதுக்கு இன்னும் பதில் வரல.

பதில் அவரோட நோட்டுலயே இருந்துச்சு. 1980-கள்ல பென்சில்ல எழுதின ஸ்பைரல் நோட்டு, ஒவ்வொரு தடவ சுட்டதுக்கும் தேதி, இடம், டெம்பரேச்சர், குரூப் அளவு (ஓட்டை எல்லாம் எவ்வளவு விரிஞ்சு விழுந்துச்சுங்கிறது) எழுதி வச்சிருக்காரு. (இப்படி எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு, நான் இப்ப அதே மாதிரி நோட்டு போட்டிருக்கேன்.) ஆகஸ்ட் மாசம் வீட்டு பக்கத்துல, 80 டிகிரி ஃபாரன்ஹீட், 100 யார்டுல ரெண்டரை இன்ச். அக்டோபர்ல கொலராடோ, 8000 அடி மலை மேல, 50 டிகிரி, ஒன்றரை இன்ச். குளிர்காலத்துல இங்க சுட்டதா ஒரு வரி கூட இல்ல. ரெண்டு ஊர் நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்ததும் நண்பன் கேட்டான், "மலை மேல காத்து கம்மி தானே?"

அதே தான். க்ரீன்ஹில் ஃபார்முலா பழைய மெதுவான குண்டுக்கு போட்டது, இந்த காலத்து ரைஃபிளுக்கு ரொம்ப கறாரா சொல்லும், காத்து அடர்த்தி மாறுறத அது பாக்குறதும் இல்ல. 2005-ல டான் மில்லர்ங்கிறவரு வெளியிட்ட விதியில எடை, நீளம், ட்விஸ்ட், வேகம், டெம்பரேச்சர், காத்தழுத்தம் எல்லாம் வரும், கடைசியில ஒரு நிலைத்தன்மை எண் கிடைக்கும். 1-க்கு கீழ போனா குண்டு கவுந்துடும், 1.4-க்கு மேல இருந்தா நிம்மதி, நடுவுல இருந்தா கத்தி மேல நடக்கிறது. பெரியவரோட குண்டு ஒண்ண காலிப்பர்ல அளந்தோம், நீளம் 1.06 இன்ச். கணக்கு போட்டா கொலராடோ மலையில 1.3, ஆகஸ்ட் மாச பென்சில்வேனியாவுல 1.07, நாங்க சுட்ட ஜனவரி காலையில 0.95. மூணு நம்பரும் மூணு பேப்பரோட அப்படியே பொருந்துச்சு. குளிர்ல காத்து கெட்டி, மலை மேல காத்து மெலிசு. பெரியவர் சொன்னதும் சரி, எங்க கீஹோலும் சரி. இது எங்களுக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்ல, 1963-ல அமெரிக்க ராணுவமே ஏஆர்-15 ரைஃபிளோட ட்விஸ்ட்ட 1:14-ல இருந்து 1:12 ஆக்கினது உறைபனி குளிர்ல டெஸ்ட் பண்ணி குண்டு நிலையில்லாம போனத பாத்துட்டுத்தான்.

இப்ப அந்த "மருந்த ஏத்துங்க" யோசனைக்கு வர்றேன். மில்லர் விதியில வேகம் கனமூலமா (க்யூப் ரூட்) தான் வருது. நொடிக்கு 2800 அடி வேகத்த 3000 ஆக்கினா நிலைத்தன்மை எண் ஏறுறது வெறும் 2 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. 0.95 எடுத்தா 0.97. ஆனா அந்த 200 அடிக்கு சேம்பர்ல (தோட்டா உக்கார்ற இடம்) பிரஷர் எங்கயோ போயிடும், எழுபது வருஷ துப்பாக்கி, முகத்துக்கு ஆறு இன்ச்ல. ட்விஸ்ட் வர்க்கமா வருது, நீளம் கிட்டத்தட்ட கனமா (க்யூப்) வருது. ட்விஸ்ட்ட மாத்தணும்னா பேரலயே மாத்தணும், தாத்தா பேரல கழட்ட நண்பனுக்கு மனசில்ல. அப்ப மிச்சம் இருக்கிறது நீளம் ஒண்ணு தான்.

ஈஸியான வழி 90 கிரெய்ன் குண்டுக்கு போறது, அத முதல்ல பண்ணோம், அஞ்சு ரவுண்டு ஒன்றரை இன்ச்குள்ள வந்துச்சு. ஆனா நண்பனுக்கு 100 கிரெய்னே வேணும், தாத்தா துப்பாக்கி, அடர்ந்த காடு, கொஞ்சம் கனமான குண்டு ஆழமா போகணும். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. கேள்வி இதான்: எடை குறையாம நீளம் குறையுற குண்டு எது? ரவுண்ட் நோஸ். மூக்கு உருண்டையா, பின்பக்கம் தட்டையா இருக்கிற பழைய டிசைன், இப்ப யாரும் பெருசா சீண்டுறதில்ல. கூர்மூக்குல நீளத்துல பாதி வெறும் ஒல்லி நுனி, இதுல எடை முழுக்க குட்டையான உடம்புலயே இருக்கு. எங்களுக்கு கெடச்ச டப்பாவுல அளந்தா 0.93 இன்ச். எடை அதே 100 கிரெய்ன். கணக்கு போட்டா அதே மைனஸ் 7 குளிர்ல 1.38, இத்தனைக்கும் 90 கிரெய்ன் கூர்மூக்கு அதே குளிர்ல 1.2 தான். ஹெவி குண்டு லைட் குண்ட விட நல்லா நிக்குதுன்னு பேப்பர்ல பாத்தப்ப நான் ரெண்டு தடவ திரும்ப போட்டு பாத்தேன்.

லோடு கட்டினத கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா குண்டு மாறினா எல்லாம் மாறும், பழைய டை (தோட்டா கட்டுற அச்சு) செட்டிங்க அப்படியே வச்சு கட்டிடக்கூடாது. கேஸ் எல்லாத்தையும் ஃபுல் லெங்த் சைஸ் பண்ணி (அச்சுல அழுத்தி பழைய அளவுக்கு கொண்டு வந்து) கழுத்துக்கு கீழ இருக்கிற தோள்பட்டைய 0.002 இன்ச் மட்டும் பின்னுக்கு தள்ளினோம், 2.223 இன்ச்க்கு ட்ரிம் பண்ணோம். குண்ட கேஸுக்குள்ள அழுத்துற சீட்டிங் டைக்குள்ள இருக்கிற ஸ்டெம் கூர்மூக்குக்கானது, அத வச்சு உருண்டை மூக்க அழுத்தினா நுனி ஈயத்துல வளையம் மாதிரி பள்ளம் விழுது, தோட்டாவுக்கு தோட்டா நீளமும் மாறுது. ரவுண்ட் நோஸ் ஸ்டெம் தனியா வாங்கி போட்டோம். அடுத்தது ரொம்ப முக்கியம்: உருண்டை மூக்கு பெருத்து இருக்கிறதால அது பேரல் புரிய ரொம்ப சீக்கிரமே தொட்டுடும். கூர்மூக்குக்கு இருந்த மொத்த நீளத்த விட எங்க சேம்பர்ல 0.12 இன்ச் குட்டையாவே தொட்டுச்சு. பழைய நீளத்துலயே கட்டியிருந்தா குண்டு புரிக்குள்ள இறுகி நின்னிருக்கும், பிரஷர் எகிறும், சுடாம வெளிய எடுத்தா குண்டு பேரல்லயே மாட்டிக்கிட்டு மருந்து ஆக்‌ஷனுக்குள்ள கொட்டும்.

மருந்து H4350. குளிருக்கும் வெயிலுக்கும் வேகம் பெருசா மாறாதுங்கிறதால எடுத்தோம், நம்ம பிரச்சனையே டெம்பரேச்சர்ல ஆரம்பிச்சதாச்சே. எத்தனை கிரெய்ன் போட்டோம்னு இங்க எழுத மாட்டேன், எங்க சேம்பருக்கு ஒத்து வந்தது உங்களுது தாங்கும்னு சொல்ல முடியாது, மேனுவல்ல இருக்கிற ஸ்டார்ட்டிங் லோடுல இருந்து தான் எல்லாரும் ஆரம்பிக்கணும். நாங்க அங்க இருந்து அரை அரை கிரெய்னா ஏறினோம், ஒவ்வொரு படியிலயும் மூணு ரவுண்டு, பிரஷர் எகிறுதான்னு தெரிய ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட் தூக்குறப்ப கை கனக்குதா, ப்ரைமர் ஓரம் தட்டையாகுதா, கேஸ் அடியில எஜெக்டர் பளபளன்னு அச்சு விடுதான்னு பாத்தோம். புத்தகத்து உச்சத்துக்கு ஒரு கிரெய்ன் கீழயே வேகம் சராசரி 2850 அடி வந்துச்சு, அதோட நிறுத்திட்டோம்.

முதல் குரூப் 2.2 இன்ச். ஓட்டை எல்லாம் சுத்தமான வட்டம், அதுவே எனக்கு பெரிய நிம்மதி, ஆனா ரெண்டு இன்ச்ல நிக்க மனசு வரல. மருந்த தொடாம சீட்டிங் ஆழத்த, அதாவது குண்டு கேஸுக்குள்ள எவ்வளவு இறங்குதுங்கிறத, மட்டும் மாத்தினோம். புரியில இருந்து 0.020 இன்ச் தள்ளி ஆரம்பிச்சிருந்தோம், 0.040-ல ரெண்டு இன்ச், 0.060-ல ஒன்னேகால், 0.080-ல திரும்ப விரிஞ்சுது. 0.060-ல இன்னொரு நாள் மூணு தடவ அஞ்சஞ்சு ரவுண்டு சுட்டோம்: 1.2, 1.4, 1.3. மூணு ரவுண்டு குரூப்ப வச்சு முடிவு எடுக்காதீங்க, அதிர்ஷ்டத்துல ஒட்டிக்கிட்டு விழுந்த மூணு ஓட்டை நிறைய பேர ஏமாத்தியிருக்கு.

இதுல இழந்தது என்னன்னும் சொல்லணும். உருண்டை மூக்கு காத்துல சீக்கிரம் வேகம் இழக்கும், 300 யார்டு வெட்டவெளியில கூர்மூக்கு கிட்ட நிக்க முடியாது. கொலராடோ மாதிரி இடத்துக்கு இந்த லோடு நான் சொல்ல மாட்டேன். எங்க காட்டுல 100 யார்டு தாண்டி மான் கண்ணுல படுறதே அபூர்வம், அங்க இது தாராளம். அதே மாதிரி செம்பு குண்டு போட நினைக்கிறவங்க கவனமா இருங்க. ஈயம் ஒரு கன சென்டிமீட்டர் 11.3 கிராம், செம்பு 8.9 தான், அதனால அதே எடைக்கு செம்பு குண்டு நீளமாத்தான் வரும். கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈய குண்டே கூடாது, அங்க 1:12 .244 வச்சிருக்கிறவரு டப்பாவுல 85 கிரெய்ன்னு பாத்து லைட்டுன்னு நம்பி வாங்கினா திரும்ப கீஹோல்ல போய் நிக்க வாய்ப்பிருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி நீளத்த கேளுங்க.

நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை சீசன் திறந்துச்சு. பெரியவர் மரத்தடியில நாற்காலி போட்டு எங்க கூட உக்காந்திருந்தாரு, நண்பன் 70 யார்டுல ஒரு பெட்டைமான அடிச்சான், முப்பது அடி கூட ஓடல. குண்டு அந்த பக்கத்து தோலுக்கு அடியில நின்னிருந்துச்சு, காளான் மாதிரி ஒரே சீரா விரிஞ்சு. மூக்கு முன்னால போனாத்தான் அப்படி விரியும். பெரியவர் அத கழுவி உள்ளங்கையில வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு, அப்புறம் சட்டைப் பையில இருந்து அந்த ஸ்பைரல் நோட்ட எடுத்து பென்சில்ல தேதி போட்டு, 28 டிகிரி ஃபாரன்ஹீட்டுன்னு எழுதி, பக்கத்துல "நீளம் 0.93"னு எழுதினாரு. அந்த நோட்டுல நீளம்னு ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவ.